ராணிமார் வீட்டுச் சாவி

போன மாதம் இந்தியப் பயணத்தில் என்னோடு வந்த ஓய்வுபெற்ற ஆசிரியர் கூட்டமே, இது உங்களுக்குத்தான். மதுரை மகாலில் நீங்கள் எல்லோரும் அண்ணாந்து தூண்களைப் பார்த்துக்கொண்டிருந்தபோது நான் சுவரோரமாகப் போய் ஒவ்வொரு கதவாக எட்டிப் பார்த்தேன். "டீச்சர், பாத்ரூம் தேடுறீங்களா?" என்று நம் கணக்கு மாஸ்டர் மண்டபம் அதிரக் கேட்டார். கூட்டமே சிரித்தது. நானும் சிரித்துச் சமாளித்தேன். உண்மையில், அந்த வீட்டுப் பெண்கள் எந்த வாசலால் வெளியே போய் வந்தார்கள், அதன் சாவி யாரிடம் இருந்தது என்றுதான் முழங்கால் வலியோடு தேடிக்கொண்டிருந்தேன்.

பத்மநாபபுரத்திலும் அதே வேலைதான். அங்கே மரச்சட்டங்களுக்குப் பின்னால் நின்று பெண்கள் திருவிழா பார்ப்பார்களாம். வீதியில் போகிறவர்களுக்கு அவர்கள் தெரியமாட்டார்கள். நம்மில் பாதிப் பேர் அந்தச் சட்டத்துக்குப் பின்னால் நின்று போட்டோ எடுத்துக்கொண்டோம், ஒருவர் முகமும் விழவில்லை. மைசூரில் அவர்களுக்கு உயரத்தில் ஒரு மாடம். மதுரையில் அந்தப்புரம் எங்கே என்று வழிகாட்டியிடம் கேட்டேன். "அது இடிஞ்சுபோச்சும்மா" என்று சொல்லிவிட்டு அடுத்த தூணுக்குப் போனார். ராசா உட்கார்ந்த இடம் நிற்கிறது, ராணி உட்கார்ந்த இடம் இல்லை. நம் கண்டியில் ராணிமார் வீடு இன்னும் நிற்கிறது. எனக்கும் அந்த வீட்டுக்கும் ஒரு பழைய தொடர்பு உண்டு. பஸ்ஸில் வைத்துச் சொல்ல வெட்கமாக இருந்தது, அதனால் எழுதுகிறேன்.

எனக்கு அப்போது பத்து வயது. கலஹாவுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டம். அந்த வருடம் கார்த்திகை மழை விடவே இல்லை. நாங்கள் குடியிருந்த லயத்து வரிசை வீட்டின் கூரைத் தகரத்தில் அது கொட்டுகிற சத்தத்தில் அம்மா கூப்பிடுவது கேட்காது, அது எனக்கு ஒரு வசதி. லயத்தில் குடும்பத்துக்கு ஒன்றாக இருந்த காம்பரா அறைகளில் பாதி காலியாகிக்கொண்டிருந்தன. இரண்டு அரசாங்கமும் போட்ட ஒப்பந்தப்படி ஒவ்வொரு குடும்பமாக இந்தியாவுக்குக் கப்பலேறிக்கொண்டிருந்தது. அப்பாவின் அண்ணன், எங்கள் பெரியப்பாவும் போய்விட்டார். போகிற அன்று தன் காம்பராவைப் பூட்டி, சாவியை ஆபிசில் கொடுத்துவிட்டு வந்து எங்கள் வாசலில் நின்று அழுதார். "தொறன்னா தொறக்கணும், பூட்டுன்னா பூட்டணும், அவ்வளவுதான்டா நம்ம வீடு" என்றார் அப்பாவிடம். அதன் பிறகு யாராவது கப்பல் என்று சொன்னால் அப்பா எழுந்து வெளியே போய்விடுவார்.

எனக்குத் தெரிந்த ஒரே அரண்மனை துரை பங்களாதான். அதில் ஒரே ஒரு ராணி, தோட்டத்துத் துரையின் மனைவி துரைச்சாணி. கொழும்புக்காரி, மாநிறம், கையில் எப்போதும் ஒரு கைக்குட்டை. தினமும் பின்னேரம் கேட் வரை நடந்து வந்து, கம்பியைப் பிடித்துக்கொண்டு ரோட்டைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுத் திரும்பிப் போவார். ஒருமுறை பங்களாத் தோட்டத்தில் புல் வெட்டப் போன அம்மாவிடம் உடைந்த தமிழில், "இந்த பஸ் எங்க போறது?" என்று கேட்டாராம்.

"கண்டிக்குப் போவுதுங்கம்மா."

"நீ போயிருக்கா?"

"நாலஞ்சு தடவ போயிருக்கேங்கம்மா."

"நான் தனியா எங்கயும் போனது இல்ல" என்று சொல்லிவிட்டுத் துரைச்சாணி உள்ளே போய்விட்டாராம். காரு வைத்திருக்கிறவளுக்கு பஸ்ஸு ஆசை வந்துவிட்டது என்று அம்மா ஒரு வாரம் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். நாங்களும் சிரித்தோம். இப்போது எனக்கு அந்தச் சிரிப்பு வருவதில்லை.

அக்காவுக்குப் பதினேழு. இரண்டு வருடம் கொழுந்து பறித்துவிட்டு, கண்டியில் சித்தி வீட்டில் தங்கி வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள். முனிசிபாலிட்டியில் வேலை செய்த சித்தப்பா யாரிடமோ சொல்லி எடுத்துக் கொடுத்த வேலை. வீட்டில் கேட்டதற்கு, "கவர்மெண்டு ஆபிஸ்ல கூட்டுற வேல" என்று ஒரே வரியில் முடித்துவிட்டாள். சனிக்கிழமை கடைசி பஸ்ஸில் வருவாள். பத்திரிகைத் தாளில் சுற்றி எனக்குத் தின்ன ஒரு பனிஸ் ரொட்டி கொண்டுவருவாள். அவள் கையில் மெழுகும் மண்ணெண்ணெயும் கலந்த தரை பொலிஷ் வாசனை அடிக்கும். விரல்களில் இருந்த கொழுந்துக் கறை போய்விட்டிருந்தது. நான் அந்த விரல்களைப் பிடித்துப் பிடித்துப் பார்ப்பேன்.

இதற்கிடையில் ஹேவாஹெட்ட பக்கத்துத் தோட்டமொன்றிலிருந்து ஒரு கங்காணி அக்காவைக் கேட்டு வந்திருந்தார். மனைவியை இழந்தவர், இரண்டு பிள்ளைகள், அக்காவைவிட இருபது வயது மூத்தவர். நல்ல மனிதர்தான், அவரைக் குறை சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை. "தை பொறக்கட்டும், பேசுவோம்" என்று அப்பா சொல்லி வைத்திருந்தார். "இந்த வருசம் தையே வரக்கூடாதுடி" என்று அக்கா என்னிடம் சொன்னாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. மழை கொஞ்சம் விட்டு வெயில் வந்திருந்தது. லயத்துக்குப் பின்னால் கல்லில் உட்கார்ந்து அக்கா எனக்குப் பேன் பார்த்துக்கொண்டிருந்தாள். அப்போதுதான் வேலை செய்யும் இடத்தைப் பற்றிச் சொன்னாள். அந்தக் காலத்து ராணிமார் இருந்த வீடாம். அவர்களுடைய சீப்பு, நகைப்பெட்டி, வெற்றிலைத் தட்டு எல்லாம் கண்ணாடிக்குள் இருக்கிறதாம். கண்ணாடியையும் தரையையும் துடைப்பதுதான் அவள் வேலையாம்.

"அம்மாகிட்ட சொல்லிறாத. செத்தவங்க சாமானத் தொடுறேன்னு தெரிஞ்சா வேலைக்கே விடாது."

"அந்த எடத்துக்கு என்னாக்கா பேரு?"

"பல்லே வாசல."

அது சிங்களப் பேர். பல்லே என்றால் கீழே, வாஹல என்றால் அரண்மனை. அங்கே இருந்த வயதான சிங்கள வாச்சர் பழைய ஆள், வாஹல என்பதை வாசல என்றே சொல்வாராம். அக்காவும் அவர் வாயிலிருந்து வந்தபடியே சொன்னாள். தமிழ்க் காதில் அது எப்படி விழும் என்று நீங்களே ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். எனக்குப் பள்ளிவாசல் என்றே விழுந்தது. ராணிமார் செத்த பிறகு அந்த வீட்டைப் பள்ளிவாசல் ஆக்கிவிட்டார்கள் போல என்று நானே தீர்மானித்துக்கொண்டேன்.

மூன்று நாள் கழித்துத் தண்ணீர்ப் பீலியில் குடத்தோடு வரிசையில் நின்றேன். எதிர்க் காம்பரா அத்தை கேட்டார்: "ஒங்கக்கா டவுன்ல எங்கடி வேல செய்யுது?"

ராணிமார் சமாச்சாரம்தானே ரகசியம், இடத்தின் பேரைச் சொன்னால் என்ன? "பள்ளிவாசல்ல" என்றேன்.

குடம் நிரம்புவதற்குள் செய்தி லயத்தைத் தாண்டிவிட்டது. மத்தியானம் கொழுந்து நிறுக்கிற இடத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது அக்கா மதம் மாறியிருந்தாள். பின்னேரம் அவளுக்குப் புடவைக் கடை வைத்திருக்கும் மாப்பிள்ளையும் கிடைத்துவிட்டார். தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டிவிட்டுக் கத்தியோடு வந்த அப்பாவிடம் நாலு பேர் நாலு விதமாகச் சொன்னார்கள்.

எங்கள் அப்பா அப்படியொன்றும் மதவெறி பிடித்தவர் இல்லை. தீபாவளித் துணி கலஹாவில் முஸ்லிம் நானா கடையில்தான் எடுப்பார், அங்கேதான் மணிக்கணக்கில் பேசிக்கொண்டிருப்பார். ஆனால் மகள் ஆபிஸ் என்று சொல்லி ஏமாற்றிவிட்டாள் என்பதும், அது ஊருக்கெல்லாம் தெரிந்த பிறகே தனக்குத் தெரிந்தது என்பதும் அவரைக் குத்திவிட்டது. ஹேவாஹெட்டவுக்கு ஆள் அனுப்பினார். தை வரை வேண்டாம், இந்தக் கிழமையே வைத்துக்கொள்ளலாம் என்று சொல்லச் சொன்னார். அம்மா அடுப்படியில் உட்கார்ந்து அழுதார். மறுநாள் விடிந்ததும் அப்பா பெரிய கங்காணியிடம் போய் அவருடைய கறுப்புக் கோட்டை இரவல் வாங்கிவந்தார். "நீதானே சொன்ன, நீயே வந்து காட்டு" என்று என் கையைப் பிடித்தார்.

பஸ்ஸில் பேராதெனிய வரும்வரை அவர் என் கையை விடவில்லை. கோட்டிலிருந்து பூச்சி உருண்டை வாசனை அடித்துக்கொண்டே இருந்தது. இன்றைக்கும் எந்த அலுமாரியில் அந்த வாசனை வந்தாலும் உடனே மூடிவிடுவேன்.

டவுன் பள்ளிவாசல் வாசலில் போய் நின்றோம். உள்ளே போகத் தைரியம் இல்லை, திரும்பவும் மனம் இல்லை. தொப்பி போட்ட, வெள்ளைத் தாடி வைத்த ஒரு நானா வெளியே வந்தார்.

"எம்மகள வெளிய அனுப்புங்க" என்றார் அப்பா. கோபமாகச் சொல்ல நினைத்தது அழுகையாக வந்தது.

நானா அவரை மேலும் கீழும் பார்த்தார். "இரிங்க தம்பி. மொதல்ல இரிங்க. எங்கட பள்ளியில பொம்புளப் புள்ளையள் வேலைக்கு இல்லயே" என்று பக்கத்திலிருந்த தன் கடைக் கதிரையில் உட்கார வைத்தார். எனக்குக்கூட ஒரு ப்ளேன்டீ வந்தது, தனியாக ஒரு துண்டு பனங்கட்டியோடு. பிறகு என் பக்கம் குனிந்தார். "மகள், ஒங்கட ராத்தா என்ன சொன்ன? அவ சொன்ன மாதிரியே சொல்லுங்க பாப்பம்." ராத்தா என்றது அக்காவைத்தான் என்று அவர் முகத்தைப் பார்த்தே புரிந்துகொண்டேன்.

"பல்லே வாசலல ராணிமார் சாமான் தொடைக்கிறேன்னு சொன்னிச்சு."

நானா சிரித்த சிரிப்பில் அவருக்குப் புரையேறிவிட்டது. "தம்பி, அது பள்ளிவாசல் இல்ல. பல்லே வாஹல! அந்தக் காலத்து ராசாட பொஞ்சாதிமார் இருந்த எடம்."

அப்பாவுக்கோ இன்னும் மோசமாகிவிட்டது. தோட்டத்தில் கற்ற அரைகுறைச் சிங்களத்தில் அவருக்கு வஹல் என்ற வார்த்தை தெரியும். அடிமை. "வஹலா? எம்மகள அடிமயாவா வச்சிருக்காங்க?" என்று எழுந்துவிட்டார்.

"அது வஹல், இது வாஹல" என்றார் நானா. "இழுத்துச் சொன்னா அரண்மன, சுருக்கிச் சொன்னா அடிம. வாங்க, நானே காட்டுறன்."

தன் கடையை இன்னொருவரிடம் விட்டுவிட்டு எங்களோடு ஏரிக்கரை வரை நடந்தார். தண்ணீருக்குள் நீட்டிக்கொண்டு நின்ற ஒரு கட்டிடத்தைக் காட்டி, ராணிமார் குளிக்கக் கட்டியது என்றார். பல்லே வாஹல கேட்டடியில் அப்பா கையெடுத்துக் கும்பிட்டு, "மன்னிச்சுக்கங்க நானா" என்றார். "பொம்புளப் புள்ள பெத்த மனசு தம்பி. எனக்கும் மூணு" என்று சொல்லிவிட்டு அவர் திரும்பிப் போனார். பேர்கூடக் கேட்டு வைத்துக்கொள்ளவில்லை. அவர் மட்டும் அன்று எங்களை விரட்டியிருந்தால் அப்பா நேரே சித்தி வீட்டுக்குப் போய் அக்காவை இழுத்துக்கொண்டு போயிருப்பார். இன்றைக்கும் கண்டி டவுனில் அந்தத் தெருவைக் கடக்கும்போது மனதுக்குள் அவருக்கு ஒரு நன்றி சொல்லிக்கொள்வேன்.

வெள்ளைச் சுவர், ஓட்டுக்கூரை, நடுவில் முற்றம், சுற்றி அறைகள். அக்கா விளக்குமாறோடு முற்றத்தில் நின்றாள். கறுப்புக் கோட்டில் அப்பாவைப் பார்த்ததும் விளக்குமாறு கையிலிருந்து நழுவியது. வாச்சர் நொண்டிக்கொண்டே வந்து, "துவகே தாத்தா?" என்று சந்தோசமாகக் கேட்டார். மகளுடைய அப்பாவா என்பது அதற்குப் பொருள். எனக்குத் தாத்தா என்பது மட்டும் கேட்டு, அந்த நேரத்திலும் சிரிப்பு வந்துவிட்டது. அப்பா என்னைப் பார்த்த பார்வையில் அது அடங்கிவிட்டது.

"இதுவா அரமன?" என்றார் அப்பா. "தொர பங்களா இதவிடப் பெருசால்ல இருக்கு."

அக்கா பயத்தில் வாச்சரிடம் கேட்டதையெல்லாம் மூச்சுவிடாமல் ஒப்பித்தாள். "ராணிமாரு மதுர பக்கமிருந்து வந்தவங்கப்பா. நம்மாளுக மாதிரி கடல் தாண்டித்தான். இந்தா, இது அவங்க சீப்பு."

அப்பா சீப்பைப் பார்க்கவில்லை. சுவர்களைச் சுற்றிப் பார்த்தார். கவ்வாத்துக்காரர் செடியைப் பார்ப்பதுபோல, எங்கே வெட்டு, எங்கே துளிர் என்று தேடுகிற பார்வை. "பொம்பளைக எந்த வாசல்ல வெளிய போவாங்க?"

"தானா எங்கயும் போக மாட்டாங்கப்பா. குளிக்கப் போகணும்னாலும் பல்லக்கு, தெர, கூட ஆளுக."

"அப்பறம் என்னா ஆனாங்க?"

"வெள்ளக்காரன் ராசாவப் புடிச்சப்ப, இவங்களையும் சேத்துக் கப்பலேத்தி வேலூருக்கு அனுப்பிட்டான்."

கப்பல் என்ற வார்த்தை வந்ததும் அப்பா எழுந்து போய்விடுவார் என்று நினைத்தேன். அவர் போகவில்லை. முற்றத்து விளிம்பில் மெல்ல உட்கார்ந்தார்.

"அவங்களையுமா ஏத்தினானுக?" என்றார்.

எதிரே இருந்த அறைக் கதவுகளை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டிருந்தார். பெரியப்பாவை நினைத்தாரா, துரைச்சாணியை நினைத்தாரா, எனக்குத் தெரியாது. மூடுகிற நேரம் வந்தது. முழங்கால் வலிக்காரரான வாச்சர் அறை அறையாக நடக்கமாட்டார். இடுப்பிலிருந்து ஒரு பெரிய சாவிக்கொத்தை எடுத்து அக்காவிடம் நீட்டினார். அவள் ஜன்னல் ஜன்னலாகத் தாழ்ப்பாள் போட்டு, கதவு கதவாகப் பூட்டிக்கொண்டு போனாள். அப்பா எழுந்து அவள் பின்னாலேயே போனார். அப்பா பின்னால் நான். ராணிமார் இருந்த அறைகள் ஒவ்வொன்றாக இருட்டாகின. கடைசியில் நாங்கள் எல்லோரும் வெளியே வந்து நிற்க, அக்கா பெரிய கதவை இழுத்துச் சாத்திப் பூட்டினாள்.

"சாவிய ஒங்கிட்டயா குடுக்குறாங்க?"

"ஆமாப்பா. காலைல வாச்சர்கிட்ட வாங்கி நாந்தான் தொறக்குறேன்."

அப்பா கையை நீட்டினார். அக்கா கொத்தை அவர் உள்ளங்கையில் வைத்தாள். அவர் அதைக் கொஞ்சம் தூக்கிப் பார்த்தார், பாரம் பார்ப்பதுபோல. பிறகு திருப்பிக் கொடுத்தார்.

"எதுக்குப்பா வந்தீங்க? யாரு என்னா சொன்னா?" என்று அக்கா அழும் குரலில் கேட்டாள்.

எனக்கு உயிரே இல்லை. அப்பா என்னைப் பார்த்தார். "பஸ்ஸில எவனோ என்னமோ சொன்னான். நாந்தான் தப்பாக் கேட்டுட்டேன்" என்றார். என் அப்பா விளையாட்டுக்குக்கூடப் பொய் சொன்னவரில்லை. அன்று என் முகத்துக்கு நேரே, எனக்காகச் சொன்னார்.

பஸ் ஸ்டாண்டில் கோட்டைக் கழற்றி மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு அக்காவிடம் ஒன்றே ஒன்று சொன்னார்: "தை மாசத்துக்கு லீவு கீவு கேட்டுறாத." அக்கா அந்த நெரிசலில் நின்று வாய்விட்டு அழுதாள். எனக்கு அதன் அர்த்தம் பஸ் ஏறிய பிறகுதான் புரிந்தது.

ஹேவாஹெட்டவுக்கு அப்பாவே நேரில் போய், கொடுத்த வார்த்தையைத் திரும்ப வாங்கிக்கொண்டு வந்தார். அங்கே என்ன ஏச்சு வாங்கினார் என்று கடைசிவரை சொல்லவில்லை. ஆனால் எங்கள் தோட்டத்தில் யாரைக் கண்டாலும், "எம்மக ராணி மாளிகையவே பூட்டித் தொறக்குறவ" என்று சொல்லிக்கொண்டு திரிந்தார். எதிர்க் காம்பரா அத்தைக்கு அதை மூன்று தடவை சொன்னார். அம்மா மட்டும் ஒவ்வொரு சனிக்கிழமையும் அக்காவைத் தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டுதான் உள்ளே வரச் சொன்னார். அந்தக் கறுப்புக் கோட்டு பெரிய கங்காணியோடு மறு வருடம் கப்பலேறிப் போய்விட்டது.

அக்காவுக்கு வேலை நிரந்தரமானது. சித்தி வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு அறை எடுத்து என்னையும் கூட்டிக்கொண்டு போய் டவுன் பள்ளிக்கூடத்தில் சேர்த்தாள். இருபத்தாறு வயதில், தானே பார்த்து, தானே சரி என்று சொன்ன ஒருவரைக் கட்டிக்கொண்டாள். நான் டீச்சர் ஆனதும், உங்களோடு ஒரே பஸ்ஸில் உட்கார்ந்து முறுக்குக் கடித்துக்கொண்டு அரண்மனை பார்க்கப் போனதும் அந்த ஒரு பின்னேரத்தால்தான். என் வாழ்க்கையில் எனக்குக் கிடைத்ததில் பெரும்பாலானவை பிறர் பெருந்தன்மையால் கிடைத்தவை. அதை ஒளிப்பானேன்?

பயணம் முடிந்து வந்ததும் அக்காவை அங்கே கூட்டிக்கொண்டு போனேன். எழுபது தாண்டிவிட்டது, கையில் ஊன்றுகோல். டிக்கெட் வாங்கி உள்ளே போனோம். அவள் எந்தக் கண்ணாடிப் பெட்டியையும் பார்க்கவில்லை. ஜன்னல் கம்பிகளில் விரலை ஓட்டித் தூசு இருக்கிறதா என்று பார்த்தாள். மதுரையில் அந்தப்புரம் இடிந்துபோன கதையைச் சொன்னேன். "பூட்டித் தொறக்க ஆளில்லாட்டி இடியத்தானே செய்யும்" என்றாள்.

மூடுகிற நேரம் வந்தது. சீருடை போட்ட ஒரு சிங்களப் பெண்பிள்ளை சாவிகளோடு வந்தாள். எல்லோரையும்போல நாங்களும் வெளியே வந்து நின்றோம். இனியும் மனதுக்குள் வைத்துக்கொண்டிருக்க என்னால் முடியவில்லை.

"அக்கா, அன்னைக்கு அப்பா பொய் சொன்னாரு. பஸ்ஸில எவனும் சொல்லல. பள்ளிவாசல்னு சொன்னது நாந்தான்."

அக்கா என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "தெரியும்டி. அந்தப் பேர ஒங்கிட்ட மட்டுந்தானே சொன்னேன்."

ஐம்பது வருடத்துக்கு மேல் அவள் அதைத் தெரிந்துகொண்டே என்னைப் படிக்க வைத்து, என் கல்யாணத்தை முடித்து, என் பிள்ளைகளைத் தூக்கி வளர்த்திருக்கிறாள். எனக்குக் கண் நிறைந்துவிட்டது. "வாக்கா, போகலாம்" என்று அவள் கையைப் பிடித்தேன்.

"இருடி" என்றாள் அக்கா. "அந்தப் புள்ள பூட்டுற சத்தம் கேக்கட்டும்."